காயும் பழமும் ஒரே விலையா? மலைக் காப்பி வாங்கும் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாந்தளேயிலிருந்தும் யாங்கோனிலிருந்தும் மலைக்கு வந்து காப்பிப் பழம் கொள்முதல் செய்யும் வணிகப் பெருமக்களுக்கு, மியான்மாரின் மலைநகரான மேமியோவில் இரண்டு ஏக்கர் தோட்டம் வைத்திருக்கும் தமிழன் ஒருவனின் வணக்கம்.

ஒரே கிளையில் சிவந்த பழமும் மஞ்சளித்ததும் பச்சைக் காயும் அடுத்தடுத்து நிற்பது நாங்கள் வளர்க்கும் அராபிகா வகைக் காப்பிச் செடியின் இயல்பு. பழுத்ததை மட்டும் பறிக்க வேண்டுமானால், மார்கழி தொடங்கி மாசி வரை ஒரே செடியிடம் மூன்று நான்கு முறையாவது திரும்பிப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கிளையை ஒரே இழுப்பில் உருவிவிடுகிறவருக்கோ செலவு ஒரு முறைதான். சென்ற பருவத்தில் எங்கள் சந்திக்கு லாரியோடு வந்த வணிகர் ஒருவர், என் கூடைக்கும், பாதிக்கு மேல் பச்சையாக இருந்த அடுத்த கூடைக்கும் வீசைக்கு ஒரே விலை போட்டார். (தமிழ்நாட்டில் கிலோ வந்து வழக்கொழித்த வீசை, இங்கே ஏறத்தாழ 1.6 கிலோவாக இன்னும் புழங்குகிறது.) காரணம் கேட்டேன். "அரைத்தால் எல்லாம் தூள்தானே" என்றார்.

தூள்தான். ஆனால் பச்சைக் காயின் கொட்டை வறுத்த பிறகும் வெளிறியே நின்று, குடிப்பவர் நாக்கில் துவர்ப்பாக மிஞ்சும். இதே நாட்டின் ஷான் மாநிலத்து யுவாங்கானில் தனு இன மக்கள் வீட்டையொட்டிய சிறு நிலங்களில் விளைவித்து, தோலோடு மூங்கில் பரண்களில் கிளறிக் கிளறி உலர்த்தும் காப்பியை வெளிநாட்டார் தேடி வந்து வாங்கியதற்கு, அங்கே சிவந்த பழத்துக்குக் கூடுதல் விலை கிடைத்ததும் ஒரு காரணம்.

எங்கள் பக்கமும் குற்றம் உண்டு. கூடையின் மேற்பரப்பில் பழத்தைப் பரப்பி அடியில் காயை ஒளிப்பவர்களை நான் அறிவேன். ஆனால் அவர்களில் பலர், காய் பிடித்த மாதங்களிலேயே உங்களிடம் முன்பணம் பெற்று, அதைத் தீர்க்கும் அவசரத்தில் கிளையை உருவுகிறவர்கள் என்பதையும் நீங்கள் அறிவீர்கள். அந்தக் கடனுக்குப் பழம் பழுக்கும் வரை தவணை கொடுங்கள்; பழத்துக்கு ஒரு விலை, கலப்புக்கு ஒரு விலை என்று எடை போடுவதற்கு முன்பே அறிவியுங்கள்.

வருகிற மார்கழியில் முதல் லாரி வரும்போது, தராசுக்குப் பக்கத்தில் ஒரு தார்ப்பாயை விரித்து, முதலில் என் கூடையையே கொட்டிப் பாருங்கள்.