வீணை தனம்மாள் நினைவு மாலை நிகழ்ச்சிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

பேரன்புடையீர், வணக்கம்.

கர்நாடக இசையின் புகழ்பெற்ற வீணைக் கலைஞர் வீணை தனம்மாளின் பழைய இசைத்தட்டுகளைச் சேர்ந்தமர்ந்து கேட்கவும், முதுமையில் தனித்து வாழும் வீணை ஆசிரியை ஒருவரின் மருத்துவச் செலவுக்குப் பொருள் திரட்டவும் நாங்கள் நடத்திய மாலை நிகழ்ச்சி உங்கள் உதவியால் நல்லபடியாக நிறைவேறியது. தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று அந்த அம்மையார் கேட்டுக்கொண்டதால், அவர் சார்பிலும் இம்மடலை நானே எழுதுகிறேன்.

சென்னை ஜார்ஜ் டவுனில் தம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாள் வாசிப்பதைக் கேட்க, பெரிய வித்துவான்களும் வந்து அமைதியாக அமர்ந்திருப்பார்கள். விரலால் மென்மையாக மீட்டி, கூடவே தாமும் பாடிய அந்த இசை சிறிய கூடத்துக்கே உரியது. பெருங்கூட்டத்துக்காக அதை உரக்க ஒலிக்கச் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. பிற்காலத்தில் பார்வை மங்கியது, பணத்தட்டுப்பாடும் வாட்டியது. 1932-இல் கொலம்பியா நிறுவனத்துக்காக அவர் வாசித்த தட்டுகளில், பொழுதெல்லாம் விரியக்கூடிய ராகம் சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டியிருந்தது. ஆயினும் அவற்றில் அவசரம் துளியும் இல்லை. 1938-இல் அவர் மறைந்தார்.

அவருடைய வறுமையைத் தியாகம் என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. புகழை நாடாதிருந்தது அவர் முடிவு. அந்த இசையைப் பருகியவர்கள் அவரைத் தாங்கியிருக்க வேண்டும் என்பது அதனால் மாறிவிடாது. அவருடைய பேத்தி பிருந்தாவிடம் பெயர்பெற்ற பாடகர்கள் பலர் வந்து பதங்கள் என்னும் காதல் பாடல்களைக் கற்றுச் சென்றார்கள். அந்தப் பிருந்தாவுக்கே சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது 1976-இல்தான் கிடைத்தது. நம் ஆசிரியையும் அத்தகையவரே. மேடைகளைத் தேடாமல், கட்டணம் கேட்கக் கூசி, பல பிள்ளைகளுக்குக் கற்பித்தவர்.

தட்டுகளைத் தந்து உதவிய சேகரிப்பாளருக்கும், பழைய கிராமபோனை முந்தைய இரவு முழுதும் பழுதுபார்த்த இளைஞருக்கும், வாடகை வாங்காமல் கூடத்தைத் திறந்துவிட்ட குடும்பத்தாருக்கும், பெயர் குறிப்பிடாமல் உறையில் பணம் வைத்துச் சென்றவர்களுக்கும் எங்கள் நெஞ்சார்ந்த நன்றி. அம்மையாரிடம் கற்ற மாணவிகள் மாதந்தோறும் ஆளுக்கொரு பங்கு தர முன்வந்திருப்பது என்னை மிகவும் நெகிழச் செய்தது. திரண்ட தொகை முழுவதும் அவருடைய வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டுவிட்டது; கண் அறுவை சிகிச்சைக்கு நாளும் குறித்தாயிற்று.

நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழுவினர் சார்பில்