பிணமலருக்கும் ஒரு பேரேடு

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. சேனை நன்றாக இறங்கியிருப்பதில் சந்தோஷம். கலிபோர்னியாவில் சான் மரீனோ ஊரில் உள்ள ஹன்டிங்டன் அருங்காட்சியகத் தோட்டத்தில் பிண நாற்றம் வீசும் பிணமலரைப் பற்றிப் படித்துவிட்டு, "அத்தனை பெரிய பூவுக்கு விதை எப்படி எடுக்கிறார்கள்?" என்று கேட்டிருந்தாய். கூட்டம் நாற்றத்துக்காகப் போகிறது. நீ விதையைக் கேட்கிறாய். விவசாயி புத்தி!

அது உன் சேனைக்குப் பெரியண்ணன்தான். இரண்டும் அமார்ஃபோஃபாலஸ் பேரினம். பிணமலர் இந்தோனேசியாவின் சுமத்ரா காடுகளில் மட்டுமே இயல்பாக வளர்வது. இத்தாலியத் தாவரவியலாளர் பெக்காரி 1878இல் அதைக் கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். வளர்ப்பில் முதலில் பூத்தது லண்டன் கியூ தோட்டத்தில், 1889இல். ஹன்டிங்டனில் 1999 ஆகஸ்டில் பூத்தபோது கலிபோர்னியாவுக்கே அது முதல்முறை.

ஏழு முதல் பத்து வருஷம் வரை ஒற்றை இலையாகவே வந்து வந்து காயும். இலை காய்ந்த பிறகு கிழங்கு உறங்கும்போதுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். அப்போது தண்ணீர் அதிகம் விட்டால் வேர் இல்லாத கிழங்கு அழுகிவிடும். தொட்டி மாற்றும்போது சிராய்ப்பு விழுந்தாலும் அதே கதி. உறங்கும் கிழங்குக்கு மண் லேசாக ஈரம் கண்டால் போதும்.

மொட்டு வந்தபின் ஒரு நாளைக்குப் பத்து சென்டிமீட்டர்கூட வளரும். வளர்ச்சி மட்டுப்பட்டால் மலரப்போகிறது என்று அர்த்தம். சாயங்காலம் பாளை விரியும். இரவில் நடுத்தண்டு நம் உடம்புச் சூட்டுக்கு, 36, 37 டிகிரிக்குக் கொதித்து, அழுகிய இறைச்சி வாடையைத் தள்ளும். பிணம் தின்னும் வண்டுகளுக்கும் ஈக்களுக்குமான அழைப்பு அது.

உண்மையான பூக்கள் நம் கண்ணுக்குப் படாமல் பாளையின் அடியில், தண்டைச் சுற்றி இருக்கின்றன. கீழே பெண் பூக்கள், அதற்கு மேல் ஆண் பூக்கள். பெண் பூ முதல் ராத்திரி மட்டும் மகரந்தம் ஏற்கும். ஆண் பூ மகரந்தம் உதிர்ப்பது மறுநாள். அதற்குள் பெண் பூவின் வேளை முடிந்துவிடும். ஆகவே வேறு செடியின் மகரந்தம் முன்கூட்டியே கையில் இருந்தாக வேண்டும்.

விரிந்த முதல் இரவில் பாளையின் அடியில் கூரான கத்தியால் ஒரு சின்ன ஜன்னல் வெட்டி, மென்மையான தூரிகையால் பெண் பூக்களின் முனைகளில் மகரந்தம் தடவுவார்கள். மறுநாள் அதே ஜன்னல் வழியாக ஆண் பூக்களுக்குக் கீழே காகிதத்தை மடித்து வைத்தால், மஞ்சள் நூல்நூலாகத் தொங்கும் மகரந்தம் அதில் விழும். அதை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து உலர்த்தி, சின்னக் குழாய்களில் அடைத்து ஃப்ரீசரில் வைக்க வேண்டும். ஈரத்தோடு உறையவிட்டால் செத்துவிடும். எடுக்கும்போது குழாய் அறைச் சூட்டுக்கு வருமுன் திறந்தாலும் காற்றின் ஈரம் உள்ளே படிந்து பாழாகும். காய்கள் சிவந்து பழுக்க மாதக்கணக்கில் ஆகும்.

இத்தனையும் சரியாகச் செய்தும், மகரந்தக் குழாயில் ஒட்டும் ஒரு துண்டுச் சீட்டு இல்லாமல் கெட்டுப்போகலாம். தோட்டங்களில் வளரும் பிணமலர்கள் பல நெருங்கிய சொந்தங்கள். அக்காள் தங்கைக்குள் மகரந்தம் போனால் பச்சையமே இல்லாத வெள்ளை நாற்றுகள் முளைத்துச் சாகின்றன. குழாயின் மேல் தாய் எது, தந்தை எது, தேதி என்ன என்று எழுதியிருக்க வேண்டும். பேரேட்டிலும் ஏற வேண்டும். பல தோட்டங்களில் அந்த வரலாறே இல்லை.

ஹன்டிங்டனின் மற்ற இரண்டு பிரிவுகளான நூலகத்துக்கும் ஓவியக்கூடத்துக்கும் இந்தச் சங்கடம் குறைவு. நூலகத்தில், 1911இல் ஐம்பதாயிரம் டாலருக்கு வாங்கிய தோல்தாள் குட்டன்பர்க் பைபிள் (ஐரோப்பாவின் ஆரம்பகால அச்சுப் புத்தகம்) யார் தொகுப்பிலிருந்து வந்தது என்பது எழுத்தில் இருக்கிறது. ஆங்கில ஓவியர் கெய்ன்ஸ்பரோவின் 'நீலச் சிறுவன்' ஓவியத்தில் வரைந்து மறைத்த வெள்ளை நாயை எக்ஸ்ரே காட்டிக்கொடுத்தது. ஆனால் பிணமலர் நாற்றைப் பார்த்து அப்பன் யாரென்று சொல்ல முடியாது. மரபணுச் சோதனைக்குத்தான் அனுப்ப வேண்டும். என்னைக் கேட்டால், அங்கே பேரேடு எழுதுகிறவர்தான் முக்கியமான தோட்டக்காரர்.

சேனையை நாம் கிழங்கை வெட்டியே நடுகிறோம். எட்டு ஒன்பது மாதத்தில் தோண்டியும் விடுகிறோம். அதனால் பூவைப் பார்ப்பதே அரிது. உனக்கு ஆசையிருந்தால் கஜேந்திரா என்ற சேனை ரகத்தில் இரண்டு, நாட்டு வகையில் இரண்டு கிழங்கைத் தோண்டாமல் விட்டுப் பார். கோடையில் பூக்கலாம். வீட்டிலிருந்து தள்ளி வை, வாடைக்கு அண்ணி சும்மா விடமாட்டாள். இந்தமுறை நட்டது எந்த வகை என்று எழுது.

அன்புடன்,
மாணிக்கம்