நெட் அறுந்தால் ஹோல்டில் பாட்டு வராத போன் சிஸ்டம் குறித்துப் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

அன்புடையீர், வணக்கம்.

நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் நடத்துகிறோம். உங்களிடம் வாங்கிய, நெட் வழியாக ஓடும் ஐபி போன் சிஸ்டத்தில் நெட் இருக்கும்வரை குறை ஒன்றுமில்லை. ரோடு தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டால்தான் வினை. அப்போது உங்கள் சென்னை சர்வர் கிடைக்காது. ஆபீஸில் இருக்கும் கேட்வே பெட்டியே லேண்ட்லைன்களை வைத்துப் போன்களை ஓட்டும். அதுவரை சரி. ஆனால் யாரையாவது ஹோல்டில் போட்டால் ஒரு சத்தமும் இல்லை. நாக்பூரில் லோடுக்குக் காத்திருக்கும் டிரைவர் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிட்டு, மறுபடி அடிக்கிறார். இருக்கிற நாலு லைனும் இப்படியே அடைத்துக்கொள்கின்றன. பார்ட்டிகள் பக்கத்து ஆபீஸுக்குப் போய்விடுகிறார்கள்.

இதைச் சொன்னதற்கு உங்கள் கஸ்டமர் கேரில் ஒருவர், "நெட்டே இல்லாதப்ப பாட்டு எதுக்கு சார், ரேடியோ வாங்கி வச்சுக்கோங்க" என்றார், சிரித்துக்கொண்டே. புகார் எண் கேட்டேன். என்னை ஹோல்டில் போட்டார். அதில் மட்டும் பாட்டு கணீரென்று வந்தது.

பாட்டு ஃபைல் சர்வரில் மட்டும் இருக்கிறது, பெட்டியில் இல்லை. அவ்வளவுதானே கோளாறு? பெட்டியின் மெமரியில் ஒரு காப்பி போட்டு, சர்வர் எட்டாதபோது அதிலிருந்து ஓட்டும்படி செட்டிங்கை மாற்ற வேண்டும். உங்கள் கையேட்டிலேயே இருக்கிறது. எம்பி3 செல்லாது, 8 கிலோஹெர்ட்ஸ், 8 பிட், மோனோ வேவ் ஃபைல்தான் வேண்டும் என்றும் அதிலேயே போட்டிருக்கிறீர்கள். ஒரு நிமிடப் பாட்டு அரை எம்பிகூட வராது. பிறகு எம்பி3 அனுப்பச் சொல்லி எங்களுக்கு மெயில் போட்டது யார்? உங்கள் பொருளைப் பற்றி நான் உங்களுக்குப் பாடம் எடுக்க வேண்டுமா? அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்திருந்தால் நாங்களே முடித்திருப்போம். அதையும் தர மாட்டீர்கள்.

அப்புறம் அந்தக் கோவை சர்வீஸ் சென்டர்! பெட்டியைக் கழற்றி எடுத்துவரச் சொன்னதால் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சாப்பாட்டு நேரம் என்று உட்கார வைத்தார்கள். சாயங்காலம் வந்து, "இது சாஃப்ட்வேர் மேட்டர், ரிமோட்லயே பண்ணிடலாம்" என்று திருப்பி அனுப்பினார்கள். அன்றைக்குப் பார்த்து ஆபீஸில் நெட் போனது. பெட்டியும் என் மடியில். ஆபீஸில் ஒரு போனும் அடிக்கவில்லை. அந்த ஒரு நாளில் எங்கள் வருஷ வியாபாரமே கவிழ்ந்தது என்றுதான் சொல்வேன்.

தயவுசெய்து விவரம் தெரிந்த ஒருவரை இந்த வாரத்துக்குள் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பாட்டை ஏற்றிவிட்டு, என் கண் முன்னால் நெட் கேபிளைப் பிடுங்கி, ஹோல்டில் போட்டுக் காட்ட வேண்டும். இல்லையென்றால் வருடப் பராமரிப்புக்கான ஏஎம்சி பணம் ஒரு பைசா வராது; வக்கீல் நோட்டீஸ் வரும். வியாபாரத்துக்கு வாங்கியதை நுகர்வோர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள் என்று உங்கள் ஆள் எனக்குச் சட்டம் சொன்னார். சிவில் கோர்ட் இருக்கிறது, சொல்லிவையுங்கள்.

வருகிறவரிடம் அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்தனுப்பவும். போன முறை வந்தவர் அது இல்லாமல் வந்து, டீ குடித்துவிட்டுப் போனார்.

இப்படிக்கு,
மேலாளர், நாமக்கல்