இரண்டாயிரம் படங்களும் ஒரு பிரிண்ட்டும்

அன்புள்ள கண்ணு,

நாம் மெக்சிகோ போனபோது எடுத்து, நீ பென் டிரைவில் போட்டுக் கொடுத்த படங்களைப் பார்த்து முடிக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. மொத்தம் 2,140 படம். "நூறு மட்டும் பொறுக்கிக் கொடும்மா, ஆல்பம் போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். போனில் சொல்லிவிடலாம்தான், ஆனால் நீ ஆபீஸ் போகும்போது கார் ஓட்டிக்கொண்டே கேட்பாய், பாதி காற்றோடு போய்விடும். நம்பர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதி வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறேன். எதை எதற்காக எடுத்தேன், எதை ஏன் தள்ளினேன் என்பதை இதில் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரியும், 26 வருஷம் நம்ம ஸ்டுடியோவில் நான் இருந்தது டார்க் ரூமுக்குள்ளேதான். கேமராவுக்குப் பின்னால் நின்றது உங்க அப்பா. நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சிங் பண்ணுவதும், படம் மங்காமல் நிலைக்க வைக்கிற ஹைப்போ கரைசலில் பிரிண்டை அலசுவதும், ஈரத்தோடு கிளிப்பில் மாட்டுவதும் என் வேலை. அப்பா போய் நாலு வருஷம் கழித்து, ஹூஸ்டன் விமான நிலையத்தில் உன் கேமராவைக் கழற்றி என் கழுத்தில் மாட்டி "நீங்க எடுங்கம்மா" என்றாயே, அந்த நிமிஷம் எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அதனால்தான் இத்தனை படம்.

சரி, மாயா மக்களின் பழைய கோயில் ஊரான சிச்சென் இட்சாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். அன்றைக்கு நீ எல்லாரையும் அஞ்சு மணிக்கு எழுப்பினாய், பாப்பா அழுதாள், மருமகள்கூடக் கொஞ்சம் முகம் சுளித்தாள், ஆனால் நீ செய்தது சரி. நம்ம ஹோட்டல் இருந்தது கின்டானா ரூ மாநிலம், கோயில் இருப்பது யுகடான் மாநிலம், இங்கேயிருந்து அங்கே போனால் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும் என்று வண்டியில் சொன்னாய். அந்த ஒரு மணி நேரம்தான் நமக்குக் கிடைத்த வரம். எட்டு மணிக்குக் கதவு திறந்ததும் முதல் ஆட்களாக உள்ளே போனோம், குகுல்கான் பிரமிடுக்கு முன்னால் ஒரு ஆள் இல்லை. வெயில் வடக்குப் பக்கப் படிக்கட்டின் மேல் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு படிக்கும் ஒரு கோடு நிழல் போட்டிருந்தது. படியின் அடியில் வாயைப் பிளந்திருக்கும் பாம்புத் தலையில் பல்லும் கண்குழியும் தனித்தனியாகத் தெரிந்தன. 212 முதல் 240 வரை உள்ளதில் அஞ்சு படம் குறித்திருக்கிறேன், எல்லாமே காலை ஒன்பதுக்குள் எடுத்தவை.

அதே இடத்தில் பதினோரு மணிக்கு மேல் எடுத்த நூற்றுச் சொச்சத்தையும் தள்ளிவிடு. ஜூலையில் அந்த ஊருக்கு உச்சிச் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வருகிறது, நம்ம நிழல் நம்ம காலுக்கடியிலேயே கிடந்தது, ஞாபகம் இருக்கிறதா? அந்த வெயிலில் கல் எல்லாம் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரே வெளுப்பு. பந்து மைதானச் சுவரில் அவ்வளவு நுணுக்கமான சிற்பம் இருந்தும் படத்தில் ஒன்றுமில்லை. 168 மீட்டர் நீள மைதானத்தை ஒரே படத்தில் அடக்க நீ பட்ட பாடு தெரியும், ஆனாலும் வேண்டாம்.

பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கமும் சேர்த்து 364, மேலே மேடை ஒன்று, ஆக 365 என்று சின்னவன் கணக்குப் போட்டுவிட்டு "வருஷக் கணக்கு பாட்டி!" என்று கத்தினானே, அப்போது அவன் முகத்தை எடுத்தது 251. அதை ஆல்பத்தில் முழுப் பக்கமாகப் போடு. பக்கத்தில் ஒரு வழிகாட்டி கையைத் தட்டிக் காட்டினார், தட்டின சத்தம் படிக்கட்டில் பட்டு ஒரு பறவை கீச்சிடுகிற மாதிரித் திரும்பி வந்தது, கெட்சால் பறவையின் குரல் என்று சொன்னார். அதைப் படம் எடுக்க முடியாது, ஆனால் சத்தம் கேட்ட நொடியில் பாப்பா மேலே அண்ணாந்து பறவையைத் தேடினாள் பார், அது இருக்கிறது, 258.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பிரமிடில் இரண்டு பக்கத்தைத்தான் முழுசாகச் சீர்படுத்திக் கட்டியிருக்கிறார்கள், மற்ற இரண்டு பக்கமும் சரிந்தும் சிதைந்தும் கிடக்கின்றன. எல்லாரும் நல்ல பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கு அந்தச் சிதைந்த பக்கத்தை விட்டு வர மனசே இல்லை. எத்தனை ஆயிரம் முகத்தில் அம்மைத் தழும்பையும் சுருக்கத்தையும் பென்சிலால் நிரப்பியிருப்பேன். கல்யாணத்துக்குக் கொடுக்கிற படம், அப்படித்தான் கேட்டார்கள், செய்தோம். ஆனால் நெகட்டிவில் அந்த முகத்தை அப்படியே பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால் 263, 264 இரண்டும் ஆல்பத்தில் இருக்கட்டும், இடிந்த பக்கம் என்று நினைத்துத் தள்ளிவிடாதே.

அப்புறம் அந்தச் செனோட்டே, பாறைக்குள் இருக்கிற அந்தத் தண்ணீர்க் குழி. யுகடானின் வடக்குப் பக்கம் பூராவும் சுண்ணாம்புப் பாறை, ஆறே கிடையாது, பெய்கிற மழையெல்லாம் பாறைக்குள் இறங்கிவிடுகிறது, பாறை எங்கே இடிந்து விழுகிறதோ அங்கே உள்ளே தண்ணீர் தெரிகிறது. நம்ம ஊர்த் தோட்டத்துக் கிணற்றில் இறங்குகிற மாதிரியே ஈரப் படியில் இறங்கினேன். காலையில் போயிருந்தால் ஒன்றும் இருந்திருக்காது. கோயில் கல்லை வெளுக்க அடித்த அதே உச்சி வெயில் இங்கே மேல் ஓட்டை வழியாக ஒரு கம்பி மாதிரி நேராக இறங்கி, தண்ணீருக்கு அடியில் கிடக்கிற பாறை வரைக்கும் போனது. 702 அதுதான். சன்ஸ்க்ரீன் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எல்லாரையும் குளிக்க வைத்து அனுப்பினார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்தது. அந்தத் தண்ணீரைத்தான் அந்தச் சனங்கள் இத்தனை காலம் குடித்திருக்கிறார்கள்.

அங்கே ஒரு பறவை பார்த்தோமே, நீலமும் பச்சையுமாக, வாலில் இரண்டு இறகு மட்டும் நீண்டு நுனியில் பேட்மின்டன் மட்டை மாதிரி. மாட்மாட் என்று மருமகள் சொன்னாள், அந்த ஊர்க்காரர்கள் 'தோ' என்கிறார்கள். செனோட்டேச் சுவர் ஓட்டையில் கூடு வைக்குமாம், அது இருக்கிற இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று மாயா மக்கள் நம்புவார்களாம். வாலைக் கடிகாரப் பெண்டுலம் போல இப்படியும் அப்படியும் ஆட்டியது. நாற்பது படம் எடுத்தேன், வால் ஆடியதால் முப்பத்தொன்பது கலங்கிவிட்டது, மிச்சம் 731.

கடற்கரைப் படங்கள் பாதி மங்கலாக, அழுக்கு மணல் மாதிரி இருக்கின்றன, உன் கேமராவில் கோளாறு எதுவும் இல்லை. கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் எதைப் பார்த்தாலும் சாம்பல் நிறமாக்கத்தான் பார்க்கும். வெள்ளை வேட்டி கட்டின இருபது பேரை நிற்கவைத்து குரூப் போட்டோ எடுக்கும்போது மீட்டர் சொல்வதைவிட லென்ஸை ஒரு ஸ்டாப், அதாவது ஒரு படி, அதிகமாகத் திறந்து அப்பா வெளிச்சத்தைக் கூட்டுவார். இல்லாவிட்டால் வேட்டியெல்லாம் துவைக்காத மாதிரி வரும். இரண்டாம் நாள்தான் எனக்கு அது ஞாபகம் வந்தது, அதற்கப்புறம் எடுத்ததெல்லாம் மணல் மணலாகவே இருக்கிறது. முதல் நாள் காலையில் எடுத்தவை பனி மூட்டம் போல இருப்பதற்குக் காரணம் வேறு. ஏசி அறையிலிருந்து அந்தப் புழுக்கத்துக்குள் கேமராவை நேராகக் கொண்டுபோனால் லென்ஸ் வியர்த்துவிடுகிறது. மறுநாளிலிருந்து பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அரை மணி நேரம் பால்கனியில் வைத்துவிட்டு அப்புறம் எடுத்தேன், சரியாகிவிட்டது. அடுத்த தடவை போனால் நீயும் அப்படிச் செய்.

ஹோட்டல் படங்களில் நீச்சல் குளம், பஃபே, கையில் கட்டின பட்டை எல்லாவற்றிலும் ஒவ்வொன்று போதும். ஆனால் காலை ஆறேகாலுக்குக் கடலிலிருந்து சூரியன் வரும்போது, கரையில் மலைமலையாக ஒதுங்கின அந்தப் பழுப்புக் கடல்பாசியை, சர்காசத்தை, ஏழெட்டு பேர் முள்கரண்டி போன்ற பெரிய வாரிகளால் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டிருந்தார்களே, அதை நீ "இது எதுக்கும்மா" என்று கேட்டாய். நாம் எழுந்து வருவதற்குள் நமக்காக அவர்கள் அந்தக் கரையை வெள்ளையாக்கினார்கள் கண்ணு. 1,120 ஆல்பத்தில் இருக்க வேண்டும்.

பஞ்சவர்ணக்கிளியைப் பாப்பா தோளில் உட்கார வைத்துக் காசு வாங்கிக்கொண்டு எடுத்தார்களே, அது வேண்டாம். அந்தக் கிளியால் பறக்க முடியவில்லை, கண்ணைப் பார்த்தேன், காசு கொடுத்தது தப்பு என்று இப்போதும் உறுத்துகிறது. நீள மூக்கும் நீள வாலுமாக இருந்ததே அந்தக் கோவாட்டி என்கிற விலங்கு, அதற்குச் சிப்ஸ் போடுகிற படமும் வேண்டாம். அதற்குப் பதிலாக வாலைக் கொடிக்கம்பம் போலத் தூக்கிக்கொண்டு குட்டிகளோடு வரிசையாகப் போனது பார், 1,305, அது தன் போக்கில் போகிறது.

ஆமை முட்டையிட வந்த ராத்திரியைப் பற்றி நான் யாரிடமும் சரியாகச் சொல்லவில்லை. முதல் நாள் யாரோ ஃபிளாஷ் அடித்தார்கள், பாதி தூரம் ஏறி வந்த ஆமை திரும்பிக் கடலுக்கே போய்விட்டது. மறுநாள் காவலர் சிவப்பு டார்ச்சை மட்டும் வைத்துக்கொண்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் ஆமை துடுப்புக்காலால் மணலை வாரி வாரிப் போட்டதைப் பார்த்தபோது எனக்கு நம்ம டார்க் ரூம்தான் தெரிந்தது. அதே சிவப்பு பல்பு, அதே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பது, தட்டில் முகம் மெல்ல எழும்பி வருகிற வரைக்கும் நகராமல் இருப்பது. கேமராவை நான் எடுக்கவே இல்லை. காலையில் போய் அது ஏறி இறங்கின தடத்தை எடுத்தேன், டிராக்டர் டயர் போன தடம் மாதிரி இருக்கும், 1,612. என்னவென்று புரியாமல் அழித்துவிடாதே.

துலுமில் கடல் பாறை மேல் நிற்கிற கோயில் படம் எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், இரண்டு போதும். சுவரில் வெயில் காய்கிற உடும்பு மாதிரியான அந்த இகுவானா ஒன்று, 1,890.

கடைசியாக ஒன்று, இதற்குத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன்.

வயாதோலித் பக்கத்துக் கிராமத்தில் வண்டியை நிறுத்திச் சாப்பிட்டோமே, அந்த வீட்டு அம்மா. கழுத்திலும் ஓரத்திலும் பூவேலை செய்த, 'உய்பில்' என்கிற வெள்ளை அங்கி உடுத்தி, ஓலை வீட்டுக்குள் மூன்று கல் அடுப்பில் தட்டு வைத்து, சுண்ணாம்பு போட்டு வேகவைத்த சோள மாவைத் தட்டித் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்க அம்மா கம்பு ரொட்டி தட்டியதும் மூன்று கல் அடுப்பில்தான். வாசல் வழியாக மட்டும் வெளிச்சம், ஒரு பக்க முகம் வெளிச்சத்தில், மறுபக்கம் மெல்ல நிழலில். அப்பா ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு எடுப்பாரே, அதே வெளிச்சம். எடுக்கலாமா என்று கையால் கேட்டேன். எடுங்கள் என்றவர், மருமகளிடம் ஸ்பானிஷில் ஒன்று கேட்டார். எத்தனையோ பேர் எடுத்துக்கொண்டு போனார்கள், எனக்கு ஒன்றுகூட வந்ததில்லை, நீங்கள் அனுப்புவீர்களா என்று. அனுப்புவோம் என்று நான் சொன்னேன். நீ விலாசம் எழுதிக்கொண்டாய்.

நீ வண்டியில் ஒரு கதை சொன்னாய். 1841ல் கேத்தர்வுட் என்ற ஓவியரும் ஸ்டீபன்ஸ் என்பவரும் இந்தக் கோயில்களைப் பார்க்க, தகட்டில் படம் பிடிக்கிற டகேரோடைப் கேமராவோடு வந்து, மெரிடா ஊரில் பெண்களைக் காசு வாங்காமல் படம் எடுத்தார்கள் என்று. அந்தக் காலத்து டகேரோடைப்பில் நெகட்டிவ் கிடையாது, ஒரு தகடு, ஒரே படம், அதற்கு நகல் போட முடியாது. நமக்கு அந்தக் கஷ்டம் இல்லையே, எத்தனை வேண்டுமானாலும் போடலாம்.

அப்பா ஸ்டுடியோவை மூடின மாதம் உனக்குச் சரியாக நினைவிருக்காது, நீ காலேஜில் இருந்தாய். யாரும் வாங்க வராத பிரிண்ட்கள் இரண்டு செருப்பு டப்பா நிறைய இருந்தன. பாதிக்குமேல் முழுக் காசும் கொடுக்காதவர்கள். டிவிஎஸ் 50ல் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், கவர் மேல் எழுதியிருந்த பேரைச் சொல்லி விசாரித்து, ஒரு மாதம் பூராவும் கொடுத்துவிட்டு வந்தார். "முகம் அவங்களுது" என்பார், அவ்வளவுதான்.

நாம் வந்து இரண்டு மாதம் ஆகிவிட்டது கண்ணு. ஆல்பம் மெதுவாக ஆகட்டும், எனக்கு அவசரமில்லை. முதலில் 1,455 எடு. கண்ணைச் சுற்றியிருக்கிற சுருக்கத்தை எந்த ஆப்பிலும் போட்டு எடுத்துவிடாதே, நிறத்தையும் மாற்றாதே. பத்துக்கு எட்டு அளவில் மேட் பேப்பரில் ஒன்று, சின்ன அளவில் பேத்தியோடு இருக்கிறது ஒன்று. பின்னால் தேதியும் ஊரும் எழுது, மருமகளை ஸ்பானிஷில் இரண்டு வரி எழுதச் சொல். வாட்ஸப்பில் அனுப்பினால் போதாதா என்று கேட்பாய், அந்த வீட்டுச் சுவரில் குவாதலூப்பே மாதா காலண்டருக்குப் பக்கத்தில் ஒரு ஆணி சும்மா இருந்தது. பிரேம் போட்டே அனுப்பு, கண்ணாடி மட்டும் வேண்டாம், வழியில் உடைந்துவிடும்.

அம்மா