ராத்திரியையும் சொல்லி அனுப்புங்கள்

சேலம் மாவட்டத்து ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்களுக்கு,

வணக்கம். எனக்கு ஓமலூர்ப் பக்கம். ஃபிட்டர் படித்துவிட்டு எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் ரவுஸ்டபவுட்டாக, அதாவது டெக்கில் எடுபிடி வேலை பார்ப்பவனாகச் சேர்ந்தேன், இப்போது துளை போடும் தளத்தில் பைப்போடு வேலை செய்யும் ஃப்ளோர்மேன். லீவில் ஊருக்கு வந்தால் யாராவது ஒரு தம்பி வழியில் பிடித்துக்கொள்கிறான். "அண்ணா, எங்க காலேஜ்ல ரிக் வேலைக்கு ஆள் எடுக்கிறாங்க, போலாங்களா?" போகலாம் என்றுதான் சொல்கிறேன், நல்ல வேலைதான். ஆனால் "எந்த ஷிப்ட்டுன்னு சொன்னாங்களா?" என்று திருப்பிக் கேட்டால் முழிக்கிறார்கள். சம்பளம் தெரிந்திருக்கிறது. 28 நாள் வேலை, 28 நாள் லீவு என்பது தெரிந்திருக்கிறது. ஹெலிகாப்டரில் கூட்டிப்போவார்கள் என்பது ரொம்ப நன்றாகத் தெரிந்திருக்கிறது. அந்த வேலையில் பாதி, ராத்திரி நேரத்தில்தான் நடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்கவில்லை. அதையும் சொல்லி அனுப்புங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நம் மாவட்டத்துக்கு ராத்திரி வேலை ஒன்றும் புதிதில்லை. அம்மாபேட்டையிலும் கொண்டலாம்பட்டியிலும் விசைத்தறிச் சத்தத்திலேயே தூங்கிப் பழகிய ஊர் இது. உருக்காலையில் ஷிப்ட் உண்டு. லாரி ஓட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதனால் பெற்றோரும் "தறிக்காரன் பார்க்காத ராத்திரியா?" என்று விட்டுவிடுகிறார்கள். தறிக்காரர் விடிந்ததும் தன் வீட்டுக்குப் போய்த் தன் பாயில் படுக்கிறார். ரிக்கில் ஒரு ஷிப்ட் என்பது 12 மணி நேரம். 14 நாளோ 28 நாளோ, நடுவில் ஒரு நாள்கூட ஓய்வு கிடையாது. கடலுக்குள் இருக்கும் மும்பை ஹை எண்ணெய் வயல் மாதிரி இடம் என்றால் கரை சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது; முடியவில்லை, நாளைக்கு வருகிறேன் என்று கிளம்ப முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது. நம் மாவட்டத்தின் அடியில் எண்ணெய் இல்லை. சேர்வராயன் மலை சார்னோகைட் என்னும் கடினப் பாறை. மேலே பாக்சைட் உண்டு, அடிவாரத்தில் மேக்னசைட் உண்டு, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் எண்ணெய்க் கிணறு பார்க்க வேண்டுமென்றால் நாகப்பட்டினத்துக்கு அருகே நரிமணம் பக்கம் போக வேண்டும். ஆக இங்கே ரிக் என்றாலே பையன்கள் மனதில் வருவது திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிதான். ஒரு நாள், ஒன்றரை நாளில் துளை போட்டு, பைப்பை ஏற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் வண்டி. எண்ணெய்க் கிணறு ஆழத்தைப் பொறுத்து வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் ஓடும். துளைக்குள் பைப் அசையாமல் கிடந்தால் பக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். துளைக்குள் இறக்கும் சேற்றுக் கலவையான டிரில்லிங் மட் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரிக்குக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நிறுத்தமாட்டார்கள். தீபாவளி ராத்திரியும் ஓடும்.

புதிதாகச் சேர்ந்த ரவுஸ்டபவுட்டுக்கு அந்த ராத்திரியில் என்ன வேலை? விளம்பரத்தில் இருக்கிற படத்தில் எல்லோரும் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சிரிக்கிறார்கள், எனவே இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டெக்கைக் கழுவுவது, துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது. சப்ளை படகு வந்தால் கிரேன் இறக்கும் சாமானை வாங்கி அடுக்குவது. மட் கலக்கும் தொட்டியான மட் பிட் பக்கம் ஆள் குறைந்தால் பென்டோனைட் களிமண், பேரைட் கனிமப் பொடி மூட்டைகளை அறுத்துக் கொட்டுவது. (அந்த பேரைட்டில் நிறைய நம் பக்கத்து மாநிலத்து மங்கம்பேட்டையிலிருந்து வருகிறது. கடப்பா மண்ணை வளைகுடாவின் அடியில் கொண்டுபோய் ஊற்றுகிறோம்.) காஸ்டிக் சோடா கலக்கும்போது தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக்கில் தண்ணீரை ஊற்றக்கூடாது. இதை எல்லோரும் பகலில் சரியாகச் சொல்வார்கள். விடியற்காலை நான்கு மணிக்குக் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அதே நிதானத்தில் செய்ய வேண்டும், அங்கேதான் விஷயம்.

கிரேன் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் சாமானுக்குக் கீழே நிற்காதே, சாமானுக்கும் சுவருக்கும் நடுவில் நிற்காதே, சாமான் ஆடாமல் பிடிக்கும் கயிறான டேக்லைனைக் கையில் சுற்றிக்கொள்ளாதே என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். ராத்திரியில் ஃப்ளட்லைட் ஒரு பக்கம் கண்ணைக் கூசவைக்கும், மறுபக்கம் கன்டெய்னரின் நிழல் கருப்பாக விழும். அந்த நிழலில் நிற்பவன் கிரேன் ஆபரேட்டர் கண்ணுக்குத் தெரியமாட்டான். டிரில் பைப் ஒன்று சுமார் 30 அடி நீளம், கால் டன்னுக்கு மேல் எடை. அது மெதுவாகத்தான் நகரும். அரைத் தூக்கத்தில் இருப்பவன் அதைவிட மெதுவாக நகர்வான்.

தூக்கம் என்று சொல்லும்போது சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடக்கூடாது. விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை உடம்பின் சூடு குறைந்து, கவனம் தானாகவே அடியில் போய் உட்காரும். யாருக்கும் விதிவிலக்கு இல்லை. பகலில் படுத்தாலும் ராத்திரித் தூக்கம் அளவுக்கு வராது. தலைக்கு மேல் யாரோ துரு தட்டுவார்கள், ஒலிபெருக்கியில் யாரையோ கூப்பிடுவார்கள், அலாரம் டெஸ்ட் நடக்கும். காலை ஆறு மணிக்கு வேலை முடித்தவன் இரண்டு மணி நேரம் போனில் வீடியோ பார்த்துவிட்டுப் படுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது. இரண்டாம், மூன்றாம் நாளில்தான் ரொம்பக் கஷ்டம். அதற்குப் பிறகு உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

திரும்புவதற்கு விட்டால்தான். சில ரிக்குகளில் முதல் பாதி நாட்கள் ராத்திரி, மீதி நாட்கள் பகல் என்று நடுவில் மாற்றுவார்கள். உடம்பு ராத்திரிக்குப் பழகி முடிக்கிற சமயத்தில் மறுபடி பகலுக்கு வா என்று இழுப்பது. பிரிட்டனின் வட கடல் எண்ணெய் மேடைகளில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு வாரமும் ஒரே ராத்திரி ஷிப்ட்டில் இருப்பவர்களின் உடல் கடிகாரம் பெரும்பாலும் பழகிவிடுகிறது, நடுவில் மாற்றுகிறவர்கள்தான் அவதிப்படுகிறார்கள் என்று தெரியவந்தது. ஆனால் நடுவில் மாற்றினால் வீட்டுக்கு வரும்போது பகல் மனிதனாக வரலாம் என்று பலர் அதையேதான் விரும்புகிறார்கள். இரண்டிலும் லாபநஷ்டம் உண்டு. எனக்கு ஒரே ஷிப்ட்தான் பிடிக்கும். எதில் போகப்போகிறோம் என்பது வேலைக்குப் போகிறவனுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நீண்ட காலச் சேதியும் ஒன்று இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007இல் உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது' என்னும் வகையில் சேர்த்தது; 2019இல் மறுபடி பார்த்தும் அதே வகையிலேயே வைத்தது. இதைச் சொன்னால் பையன்கள் ஓடிவிடுவார்கள் என்று பயப்படாதீர்கள். ஓடமாட்டார்கள். ஆனால் ஒரு முடிவை எடுக்கிறவனுக்கு அதன் விவரம் கையில் இருக்க வேண்டும்.

பகல் ஷிப்ட்டிலிருந்து ராத்திரி ஷிப்ட்டுக்குக் கைமாறும் அந்த ஹேண்ட்ஓவர் நேரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வகுப்பில் சொல்லித்தரக்கூடிய விஷயம் அது. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடையில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பகல் ஷிப்ட் கழற்றிவிட்டு, அந்த இடத்தைத் தற்காலிகமாக மூடிவைத்திருந்தது. அந்தத் தகவல் ராத்திரி ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. இன்னொரு பம்ப் நின்றுபோனதும் அவர்கள் இதை ஓடவிட்டார்கள். இரவு சுமார் 10 மணிக்கு வெடித்தது. இறந்தவர்கள் 167 பேர். மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்து 11 பேர் இறந்ததும் 2010 ஏப்ரல் 20 இரவில்தான், காரணம் வேறு என்றாலும். உங்கள் பையன்களுக்கு லாக்புக் எழுதப் பழக்குங்கள். "என்ன கழற்றினோம், எதைப் பாதியில் விட்டோம், எதைத் தொடக்கூடாது" என்று நான்கு வரி சுத்தமாக எழுதத் தெரிந்தவனை, துளை போடும் வேலையை நடத்துகிற எந்த டிரில்லரும் விடமாட்டார். நம் பிள்ளைகள் கையால் வேலை செய்வதில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. எழுதச் சொன்னால்தான் பேனாவைத் தேடுகிறார்கள்.

சரி, ராத்திரியைப் பற்றிக் குறையாகவே சொல்லிக்கொண்டிருக்கிறேன். நல்லதும் இருக்கிறது. வெயில் இல்லை, வளைகுடாவில் ஜூலை மாதத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அங்கே நின்றவனுக்குத்தான் தெரியும். ஆபீஸ் ஆட்கள் தூங்குகிறார்கள், மீட்டிங் குறைவு. ஆள் கொஞ்சமாக இருப்பதால் டிரில் ஃப்ளோரில் கையுதவி தேவைப்பட்டால் ரவுஸ்டபவுட்டைத்தான் கூப்பிடுவார்கள். பைப்பைத் துளை வாயில் பிடித்து நிறுத்தும் ஸ்லிப்ஸ் எப்படிப் போடுவது, பைப்பை முறுக்கும் டாங்ஸ் எப்படிப் பிடிப்பது என்று நான் கற்றதெல்லாம் ராத்திரியில்தான். டிரில்லருக்கும் பேச்சுத்துணை வேண்டும், கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்வார். பகலில் அதே ஆளிடம் வாயைத் திறக்க முடியாது.

அப்புறம் வீடு திரும்பும் நாள். இதைப் பெற்றோருக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ராத்திரி ஷிப்ட் முடித்து, ஹெலிகாப்டர், விமானம், பஸ் என்று மாறி மாறி சேலம் வந்து சேரும்போது ஒரு நாளுக்கு மேலாகக் கண் மூடாமல் இருந்திருப்பான். வந்ததும் முதலில் செய்வது பைக்கை எடுப்பது, நண்பர்களோடு ஏற்காடு கிளம்புவது. 20 கொண்டை ஊசி வளைவு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் நிதானம், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹால் இருப்பவரின் நிதானத்துக்குச் சமம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997இல் காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டத்தில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட அளவே 30தான். போலீஸ் ஊதச் சொன்னால் கருவி ஒன்றும் காட்டாது, ஆனால் அடிவாரத்துக்கு இறங்கும்போது வளைவு வளைவாகத்தான் இருக்கும். முதல் நாள் வண்டிச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். பகலெல்லாம் தூங்குகிறானே, குடித்திருக்கிறானோ என்று அக்கம்பக்கத்தில் கேட்பார்கள். வீட்டில் இருப்பவர்களாவது கேட்காமல் இருக்கலாம்.

ஏஜென்ட் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் ரிக்கில் ஏற ஹியூயெட் போன்ற உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் வேண்டும் என்பது உண்மை. அந்தச் சான்றிதழ் இருந்தால் வேலை நிச்சயம் என்பது பொய். அதைச் சொல்லித்தான் காசு பிடுங்குகிறார்கள். வெளிநாட்டு வேலை என்றால் பதிவு பெற்ற முகவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்த்துவிடலாம். சட்டப்படி அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். லட்சக்கணக்கில் கேட்கிறவரின் நோட்டீஸ் உங்கள் கல்லூரிச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தால், கல்லூரியே சொல்கிறது என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். தயவுசெய்து கிழித்துவிடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஆள் எடுக்க வரும் கம்பெனியிடம் நீங்கள் உட்கார்ந்து டீ சாப்பிடும்போதே கேட்டுவிடலாம்: ஷிப்ட் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, நடுவில் மாறுமா, அப்படி மாறும் நாளில் எத்தனை மணி நேரம் ஓய்வு, ஒரு அறையில் எத்தனை பேர், ராத்திரி ஆட்களையும் பகல் ஆட்களையும் ஒரே அறையில் போடுவார்களா, பயிற்சிச் செலவு யாருடையது. மாணவன் கேட்டால் முதல் நாளே கேள்வி கேட்கிறான் என்று ஒதுக்கிவிடுவார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் அடுத்த வருடமும் அவர்களுக்கு உங்களிடமிருந்து ஆள் வேண்டும். அந்தப் பதிலை எழுதி அறிவிப்புப் பலகையில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டுங்கள். மலைக் கிராமங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கூப்பிட்டு நேராகச் சொல்லுங்கள். அவர்களுக்கு இதையெல்லாம் விசாரிக்க ஊரில் வேறு ஆள் கிடையாது.

வகுப்பில் வந்து பேச ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். என்னைப் போல இந்த வேலையில் இருப்பவர்கள் மாவட்டத்தில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களையும் கூட்டிவருகிறேன். பணம் எதுவும் வேண்டாம். க்ரூ சேஞ்ச் முடிந்து, அதாவது ரிக்கில் ஆள் மாறி நான் ஊருக்கு வந்த முதல் மூன்று நாளில் மட்டும் காலை வகுப்பு வைக்காதீர்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் வையுங்கள்.

இப்படிக்கு,
ஓமலூர்ப் பக்கத்து ஃப்ளோர்மேன் ஒருவன்