வசந்தம் பார்க்க ஊட்டிக்குப் போகத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழின் சுற்றுலாக் கட்டுரையில், "சமவெளியில் வசந்தம் ஏது? பூ பார்க்க வேண்டுமானால் ஊட்டிக்குப் போங்கள்" என்று ஒரு வரி. பக்கத்தில் ஊதாவாகப் பூத்த ஜகரண்டா மரத்தின் படம். அது தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நெடுநாள் வாசகி என்ற உரிமையில் சொல்கிறேன், அந்த வரி மனதை நோகடித்துவிட்டது.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். மேலூர்ப் பக்கம் ஆசிரியையாக இருந்தபோது, பங்குனி பிறந்தாலே வகுப்பை வெளியே கூட்டிக்கொண்டு போய்விடுவேன். இலையெல்லாம் கொட்டிவிட்டு கல்யாண முருங்கை சிவப்பாகப் பூத்து நிற்கும். தேனுக்கு மைனாவும் கரிச்சானும் தேன்சிட்டும் அடித்துக்கொள்ளும். அரசு செம்பு நிறத்தில் தளிர்விடும். புங்க மரத்தடியில் நெல்பொரி இறைத்ததுபோலப் பூ கிடக்கும். அப்புறம் வேம்பு. வருடப் பிறப்புப் பச்சடிக்குப் பூப் பறிக்கப் போனவர்களுக்கு அதில் தேனீ மொய்ப்பது தெரியும். எருக்கிலையைத் திருப்பினால் கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாக வரி போட்ட புழு இருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியாக ஆவது அதுதான். இதற்கெல்லாம் பஸ் டிக்கெட்கூட எடுக்க வேண்டாமே!

எழுத உட்கார்ந்துவிட்டேன், பழையதையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் தமிழ் மறவனை மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தபோது, அந்தச் செய்தியோடு நீங்கள் போட்டது அமெரிக்காவின் மோனார்க் படம். அப்போதே கடிதம் எழுதினேன். திருத்தமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. குயிலைப் பற்றி எழுதும்போதெல்லாம் பெண் குயில் பாடுவதாகவே எழுதுகிறீர்கள். "குக்கூ" என்று ஊரைக் கூட்டுவது கன்னங்கரேல் என்றிருக்கும் ஆண். பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளி வைத்த பெண், காக்கைக் கூட்டில் முட்டையிட நேரம் பார்த்து இலைமறைவில் இருக்கும்.

வீட்டுக் குறிப்புப் பகுதியில் கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்தடிக்கச் சொன்னீர்கள். அதே இதழில் பட்டாம்பூச்சிகள் குறைகின்றன என்று ஒரு கட்டுரை. அந்தப் புழுதான் வளர்ந்து பட்டாம்பூச்சியாகிறது. முதலில் பறவை எச்சம் போலவே இருக்கும், வளர வளரப் பச்சையாகும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு கொம்பு நீட்டும், ஒரு நெடியும் வரும். அதைப் பார்த்து அலறாத பிள்ளை கிடையாது, மறுநாள் மறுபடி பார்க்கக் கேட்காத பிள்ளையும் கிடையாது. நாலு இலை போனால் போகட்டும் ஐயா, கறிவேப்பிலை திரும்பத் துளிர்க்கும்.

எல்லாவற்றையும்விட ஆறாதது ஒன்று. எங்கள் தெருமுனைக் கல்யாண முருங்கையில் பட்டுப்போன கிளை ஒன்று இருந்தது. செம்மார்புக் குக்குறுவான் அதில்தான் துளை போட்டுக் கூடு வைக்கும். சொம்பு தட்டுகிற மாதிரி பகல் முழுக்க "டுக், டுக்" என்று கேட்குமே, அந்தப் பறவைதான். ஒரு பங்குனியில் துப்புரவுப் பணி என்று வந்தவர்கள் குஞ்சுகளோடு மரத்தை அடியோடு சாய்த்தார்கள். நான் போய்ச் சொன்னேன், யாரும் காது கொடுக்கவில்லை. "புதர் மண்டிக் கிடந்த இடம் பளிச்" என்று உங்கள் இதழில் படத்தோடு பாராட்டு வந்தது. சமவெளியில் வசந்தம் ஏது என்று கேட்கிற இதழ், அந்த வசந்தம் இருந்த மரத்தை வெட்டியதற்குப் பாராட்டலாமா?

கேட்பது இவ்வளவுதான். வருகிற பங்குனியிலிருந்து வைகாசி வரை வாரம் ஒரு சின்னக் கட்டம் ஒதுக்குங்கள். இந்த வாரம் நம் பக்கம் எது பூத்திருக்கிறது, எது கூடு கட்டுகிறது, எந்தப் புழு எந்தச் செடியில் இருக்கிறது என்று நாலு வரி போதும். படம் நம் ஊரில் எடுத்ததாக இருக்கட்டும். என் பழைய மாணவர்களிடம் நிறைய இருக்கின்றன. காசு எதுவும் வேண்டாம், அனுப்பிவைக்கச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்