மேடை வேண்டாம், வீட்டுக்கு வாருங்கள்

ஆலயப் பங்குகள்தோறும் ஏழைகளுக்கு உதவ இயங்கும் புனித வின்சென்ட் தே பவுல் கிளைச் சபையாருக்கு,

இயேசுவுக்கே புகழ்.

நான் உங்கள் அரிசியில் வளர்ந்தவள். அப்பா இறந்த பிறகு மூன்று ஆண்டுகள், மாதத்தின் முதல் ஞாயிறு மாலையில் சபையிலிருந்து இருவர் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். ஒருவர் தையற்காரர், இன்னொருவர் ஓய்வுபெற்ற தபால்காரர். மஞ்சள் துணிப்பையைக் கதவுக்குப் பின்னால், அக்கம்பக்கத்தார் கண்ணில் படாத இடத்தில் சாய்த்து வைத்துவிட்டுப் பாயில் உட்காருவார்கள். பையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. தபால்காரர் என் கணக்கு நோட்டை வாங்கிப் புரட்டுவார். அம்மா தரும் வரக்காப்பியை இருவரும் சொட்டு விடாமல் குடிப்பார்கள். அவர்கள் வருகிற நாளில் கருப்பட்டி இருக்கிறதா என்று அம்மா காலையிலேயே டப்பாவைத் திறந்து பார்த்துவிடுவார். வந்தவர்களுக்குக் கொடுக்கத் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்ற நிமிர்வு அன்று முழுவதும் அவர் முகத்தில் இருக்கும்.

சென்ற நவம்பரில், ஏழைகளை நினைக்கத் திருச்சபை குறித்திருக்கும் வறியோர் உலக நாளன்று, ஒரு பங்கில் கண்டது வேறு. திருப்பலி முடிந்ததும் பந்தல், பதாகை, ஒலிபெருக்கி. உதவி பெறுவோரைப் பெயர் வாசித்து ஒவ்வொருவராக மேடைக்கு அழைத்தார்கள். ஒரு பாட்டி பையை வாங்கிக்கொண்டு இறங்கப்போனார். படம் சரியாக விழவில்லை என்று மறுபடியும் நிற்கவைத்தார்கள். முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றார். மாலைக்குள் அந்தப் படம் வாட்ஸ்அப்பில் ஊரைச் சுற்றிவந்துவிட்டது.

நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பீர்கள். நியாயம்தான். கடை ரசீது இருக்கிறது, வரவு செலவுப் புத்தகம் இருக்கிறது, அவை போதும். உங்கள் கூட்டத்தில் சுற்றிவரும் காணிக்கைப் பையை நினைத்துப்பாருங்கள். யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி கையை உள்ளே விட்டுத்தான் போடுகிறீர்கள். கொடுப்பவரை அத்தனை கவனமாக மறைக்கும் சபை, வாங்குபவரின் முகத்தை மட்டும் ஏன் ஊருக்குக் காட்ட வேண்டும்?

உங்கள் சபை பிறந்ததே வீட்டுப் படியேறிப் போனதில்தான். 1832இல் பாரிஸைக் காலரா சூறையாடியது. மறு ஆண்டு, இருபது வயது மாணவர் பிரெடரிக் ஓசானாம் திருச்சபைக்காக விவாத மேடைகளில் வாதாடிக்கொண்டிருந்தபோது, "ஏழைகளுக்கு இன்று நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்ற கேள்வி அவரைத் தைத்தது. தோழர் ஒருவரோடு தன்னிடம் மிஞ்சியிருந்த விறகைச் சுமந்துகொண்டு ஓர் ஏழை வீட்டுக்குப் போனார். பாரிஸின் முஃப்தார் தெருப் பகுதியில் ஏழைகளிடையே பணியாற்றிய அருள்சகோதரி ரோசலி ராந்துதான், சபையைத் தொடங்கிய ஓசானாமுக்கும் அவர் தோழர்களுக்கும் வீடு சந்திக்கக் கற்றுக்கொடுத்தவர். ரொட்டிக்கான சீட்டைக் கையில் கொடுத்தார். எந்த வீட்டுக்குப் போவது, அங்கே எப்படிப் பேசுவது என்பதையும் சொல்லித்தந்தார். ஓசானாமுக்கு 1997இலும் ரோசலிக்கு 2003இலும் திருச்சபை, புனிதர் நிலைக்கு முந்தைய அருளாளர் பட்டம் அளித்தது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2017இல் முதல் வறியோர் உலக நாளை எப்படிக் கொண்டாடினார் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஏறக்குறைய 1,500 ஏழைகளை வத்திக்கானுக்கு அழைத்து, அவர்களோடு அமர்ந்து உண்டார்.

ஆகவே கேட்கிறேன். வருகிற நவம்பரில் பந்தல் போடாதீர்கள். அந்தச் செலவையும் அரிசியாக்குங்கள். இருவர் இருவராகப் போங்கள். கைப்பேசியைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கள் தெருப் பக்கம் இணையாகப் போக ஆள் குறைந்தால் என்னைக் கூப்பிடுங்கள். ஞாயிறு நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
உங்கள் சபை பார்த்து வளர்ந்த பிள்ளை